கோயம்பேட்டிலிருந்து வந்தவர்கள்

2020-ல் தினமும் சாயங்காலம் ஆறு மணி வாக்கில் சுகாதாரத் துறையின் அன்றைய அறிக்கை வரும். முதலில் செயலாளர் பீலா ராஜேஷ், ஜூன் 12-க்குப் பிறகு ஜெ. ராதாகிருஷ்ணன். இன்னைக்கு எத்தனை, சென்னையில எத்தனை, சாவு எத்தனை. இந்த மூணு நம்பரைக் கேட்டதும் பெரும்பாலான வீடுகளில் டி.வி. அணைந்துவிடும். அதே நேரத்தில் ஒரு பி.டி.எஃப்.பும் வெளியாகும். பத்துப் பதினைந்து பக்கம், பெரும்பாலும் அட்டவணைகள். ஊரடங்கு முடிந்து இவ்வளவு காலம் கழித்து அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், டி.வி.யில் யாரும் வாசிக்காத சில கட்டங்கள் கண்ணில் படுகின்றன.

அதில் மாவட்டவாரியான பட்டியலில் இரண்டு பத்திகள். ஒன்று உள்ளூர்த் தொற்று. இன்னொன்று வெளியிலிருந்து வந்தது, அதாவது வெளிநாடு அல்லது வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்களிடம் கண்டுபிடித்தது. இந்த இரண்டாவது பத்தியில் கள்ளக்குறிச்சிக்கு நேராக நானூறுக்கு மேல் ஒரு எண் இருக்கும். மாநிலத்திலேயே அதிகமான எண்களில் ஒன்று. சென்னைக்கு நேராக இருப்பது அதைவிட மிகக் குறைவு. விமான நிலையமும் சென்ட்ரல் ஸ்டேஷனும் இருக்கிற ஊருக்குக் குறைவு, ரயில் பாதையே ஓரமாகச் சின்னசேலம் வழியாகப் போகிற மாவட்டத்துக்கு அதிகம்! விமானத்திலும் ரயிலிலும் வந்து இறங்கியவர்களுக்குத் தனி வரி போட்டிருந்தார்கள் என்பது ஒரு காரணம். ஆனால் அது முழுக் காரணமில்லை. இந்தப் பட்டியலில் இல்லாத ஒரு பத்தி உண்டு. சென்னையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? மாநிலத்துக்குள்ளேயே நகர்ந்ததால் அவர்கள் ‘உள்ளூர்’. ஊரில் இருந்தவர்கள் அவர்களை அப்படி ஒருநாளும் பார்க்கவில்லை.

இந்தக் குறிப்பு அந்த விடுபட்ட பத்தியைப் பற்றியது. ஒரு பெருநகரத்தின் பரிசோதனையும் ஊரடங்கும் அந்த நகரத்தின் எல்லைக்குள் முடிந்துபோன விஷயம் மாதிரிதான் இதுவரை எழுதப்பட்டிருக்கிறது. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கள்ளக்குறிச்சிக்காரருக்கு அது பெருங்களத்தூரில் தொடங்கி உளுந்தூர்பேட்டை வரைக்கும், சிலருக்கு வெள்ளிமலை வரைக்கும் நீண்டது.

முதலில் மாவட்டத்தைப் பற்றி. கள்ளக்குறிச்சியைத் தனி மாவட்டமாக்குவதாக 2019 ஜனவரியில் அறிவித்தார்கள். முறைப்படி தொடங்கியது நவம்பர் 26, 2019. நாடு தழுவிய ஊரடங்கு 2020 மார்ச் 25. சரியாக நாலு மாதக் குழந்தை. கல்வராயன் மலையைத் தனி வட்டமாகப் பிரித்ததும் இந்தப் புது மாவட்டத்தோடு வந்ததுதான். பழைய விழுப்புரம் மாவட்டத்துக்கு இருந்த ஒரே அரசு மருத்துவக் கல்லூரி முண்டியம்பாக்கத்தில், அதாவது விழுப்புரம் பக்கம் போய்விட்டது. கள்ளக்குறிச்சியிலிருந்து அது சுமார் 75 கிலோமீட்டர். மலை மேல் வெள்ளிமலையிலிருந்து கணக்குப் போட்டால் இன்னும் தூரம். கச்சிராயப்பாளையம் வந்து, கோமுகி அணையைத் தாண்டி, வளைவு வளைவாக ஏறுகிற ரோடு அது. ரோடே போகாத குக்கிராமங்களில் உடம்பு முடியாதவரை டோலி கட்டித் தூக்கி வருகிற வழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

இப்போது சென்னைக்குப் போவோம். ‘பெருமளவு பரிசோதனை’ என்றதும் வூஹான் நினைவுக்கு வரும். 2020 மே நடுவில் தொடங்கி ஜூன் 1-க்குள் கிட்டத்தட்ட 99 லட்சம் பேருக்கு எடுத்து முடித்தார்கள், ஊர் மொத்தத்துக்கும். சென்னையில் நடந்தது வேறு. இங்கே ஊர் மொத்தத்துக்கும் எடுக்கவில்லை. காய்ச்சல் இருக்கிறவர், தொற்று வந்தவரோடு பழகினவர், சந்தேகப்படுகிற இடத்திலிருந்து வந்தவர், இப்படித் தேடித் தேடி எடுத்தார்கள். வீடு வீடாகப் போய் விசாரிக்கிற ஆட்கள், தெருமுனையில் காய்ச்சல் முகாம், மூக்கில் குச்சி. ஆரம்பத்தில் ரேபிட் கிட் வந்தால் எல்லாம் மாறிவிடும் என்று ஒரு பேச்சு இருந்தது. ஏப்ரல் 17 அன்று சீனாவிலிருந்து 24,000 கிட் தமிழ்நாட்டுக்கு வந்து இறங்கியது, ஒன்று 600 ரூபாய். நாலே நாளில் அதைப் பயன்படுத்துவதை நிறுத்தி வைக்கச் சொன்னது ஐ.சி.எம்.ஆர். 27-ஆம் தேதி திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டது. அதன் பிறகு தமிழ்நாடு ஆர்.டி.பி.சி.ஆர். ஒன்றையே பிடித்துக்கொண்டது. துல்லியம் அதிகம்தான், ஆனால் ரிசல்ட் கைக்கு வர நேரமாகும். அந்த நேரம்தான் இந்தக் கதையில் முக்கியம்.

ஏப்ரல் 24 அன்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சென்னை, கோவை, மதுரைக்கு நாலு நாள் முழு ஊரடங்கு அறிவித்தார். 26-ஆம் தேதி காலையிலிருந்து 29 வரை. நடுவில் இருந்தது 25-ஆம் தேதி ஒரு நாள். நாலு நாளைக்கு வேண்டிய காய்கறியை அந்த ஒரே நாளில் வாங்கியாக வேண்டும். கோயம்பேடு என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1996-ல் கொத்தவால்சாவடி நெரிசலைத் தவிர்க்க 295 ஏக்கரில் கட்டின சந்தை அது. மூவாயிரத்துக்கு மேல் கடைகள். அன்றைக்கு அது கொத்தவால்சாவடியாகவே மாறிவிட்டது.

கடைக்காரர்களுக்கு வீடு சென்னையில். மூட்டை தூக்குகிறவர்கள், காய் பிரிக்கிறவர்கள், லாரி கிளீனர்கள் இவர்களில் பெரும்பகுதி கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆட்கள். பலருக்குச் சந்தைக்குள்ளேயே படுக்கை, சந்தைக்குள்ளேயே குளியல். ஏப்ரல் கடைசியில் சில வியாபாரிகளுக்குத் தொற்று உறுதியானதும் கெடுபிடி ஆரம்பித்தது. மே 5-ல் சந்தையையே மூடினார்கள். மூடியபோது உள்ளே இருந்தவர்களுக்கு வேலை போனதோடு தங்குகிற இடமும் போய்விட்டது. இதை அன்றைய விவாதங்களில் ரொம்பக் குறைவாகத்தான் பார்க்க முடிகிறது. ‘பரிசோதனைக்குப் பயந்து ஓடினார்கள்’ என்றே பேசினார்கள். எங்கே தங்கியிருந்து பரிசோதனைக்குக் காத்திருக்கச் சொல்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

போனார்கள். காய்கறி இறக்கிவிட்டுத் திரும்புகிற லாரியில், மினி வேனில், பைக்கில், கொஞ்ச தூரம் நடந்து. மே 4 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 527 பேர். சென்னையில் 266, கடலூரில் மட்டும் 122. அடுத்தடுத்த நாட்களில் அரியலூர், விழுப்புரம் என்று வரிசையாக வந்தன. கோயம்பேட்டோடு தொடர்புடைய தொற்று ஆயிரத்தைத் தாண்டியது. மாவட்ட நிர்வாகங்கள் ஊர் ஊராகப் பட்டியல் எடுத்து, வந்தவர்களைப் பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் தங்கவைத்துச் சளி மாதிரி எடுத்தன. சென்னையில் எடுத்திருக்க வேண்டிய பரிசோதனை, அவர்கள் போன வழியெல்லாம் பின்னாலேயே போயிற்று.

சங்கராபுரம் பக்கத்து ஆள் ஒருவர் பிற்பாடு என்னிடம் சொன்னது: “டெஸ்ட்டுக்கு நான் பயப்படல சார். எடுத்துக்கிட்டுப் போகட்டும். ரிசல்ட் வர்ற வரைக்கும் எங்க இருக்கிறதுன்னுதான் பயம். மேஸ்திரி ரூம காலி பண்ணுன்னுட்டாரு, ஊர்ல உள்ள வராதேன்றாங்க.”

சென்னையிலேயே இருந்துவிட்டவர்களுக்கும் இதே கேள்விதான், வேறு வடிவத்தில். தொற்று உறுதியான வீட்டுக்கு முன்னால் தகரம் அடித்தார்கள். வாசலில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று ஸ்டிக்கர். ஜூன் மாதம் மாநகராட்சி ஒரு படி மேலே போய், சளி மாதிரி கொடுத்தவரும் அவர் குடும்பமும் 14 நாள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்றது. மருத்துவ ரீதியில் இதற்கு நியாயம் உண்டு. ஆனால் பத்துக்குப் பத்து அறையில் நாலைந்து பேர் வாடகை பிரித்துக்கொடுத்து இருக்கிற இடத்தில், ஒருத்தர் இருமலுக்காக முகாமுக்குப் போனால் அத்தனை பேர் கூலியும் ரெண்டு வாரத்துக்குப் போச்சு. அப்புறம் யார் முகாமுக்குப் போவார்கள்? மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார்கள். மருந்துக்கடையில் காய்ச்சல் மாத்திரை கேட்டாலே பெயரும் போன் நம்பரும் எழுதி வாங்குகிற நிலை வந்தது. அந்த மாத்திரையையும் பக்கத்துத் தெருவில் இருக்கிற சொந்தக்காரரை விட்டு வாங்கிக்கொண்டார்கள்.

ஊருக்குப் போகலாம் என்றால் இ-பாஸ். ஆரம்பத்தில் அதற்கு ஒத்துக்கொண்ட காரணங்கள் மூன்று. கல்யாணம், நெருங்கிய உறவில் சாவு, அவசர மருத்துவம். வாடகை கட்ட முடியவில்லை, அரிசி தீர்ந்துபோச்சு என்பதற்கு அந்தப் பக்கத்தில் கட்டமே கிடையாது. ரேஷன் கார்டுக்கு அரசு 1,000 ரூபாயும் இலவச அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தது உண்மை. ஆனால் கார்டு கள்ளக்குறிச்சியில், ஆள் வளசரவாக்கத்தில். அந்த ஆயிரம் ஊரில் இருந்த குடும்பத்துக்குப் போனது, நல்லதுதான். சென்னையில் இருந்தவருக்கு அம்மா உணவகம்தான் மிச்சம்.

இந்த இ-பாஸுக்கு ஒரு தாத்தா உண்டு. 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தபோது லட்சக்கணக்கான பேர் நகரத்தை விட்டு ஓடினார்கள். 1897 பிப்ரவரியில் வெள்ளைக்கார அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நாலே பிரிவு கொண்ட சின்னச் சட்டம். ரயிலில் வருகிறவர்களைச் சோதிக்கலாம், பிடித்து வைக்கலாம் என்பது அதிலேயே எழுதியிருக்கிறது. புனேவில் வீடு புகுந்து சோதனை போட்ட விதத்துக்காக அதே வருஷம் ஜூனில் சாப்பேகர் சகோதரர்கள் பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்டது பாடப்புத்தகத்திலேயே வருகிறது. சென்னை மாகாணம் வேறொரு வழியைக் கையாண்டது. நோய் உள்ள பகுதியிலிருந்து வருகிறவர் கையில் ஒரு காகிதம் கொடுப்பார்கள். அதற்குப் பெயரே பிளேக் பாஸ்போர்ட். போய்ச் சேர்கிற ஊரில் பத்து நாள் வரைக்கும் அதிகாரி முன்னால் போய் நின்று முகத்தைக் காட்ட வேண்டும். ஊர்க் கணக்கில் அவர் யார் மகன் என்பதைவிட எந்த ஸ்டேஷனிலிருந்து வந்தார் என்பது பெரிசாகிவிட்டது.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் போன காலத்திலும் இப்படித்தான். மண்டபத்தில் இலங்கை அரசே ஒரு முகாம் வைத்திருந்தது. கூலிக்குப் போகிறவர்களை அங்கே சில நாள் வைத்து, அம்மை குத்தி, நோயில்லை என்று பார்த்த பிறகே கப்பல் ஏற்றினார்கள். டிக்கெட் வாங்கிப் பயணம் போகிற வசதியான ஆட்களுக்கு இந்தக் கெடுபிடி இதே அளவில் இல்லை. 1939-ல் சென்னை மாகாணத்துக்கென்று பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது, இந்தியாவிலேயே முதல். 2020-ல் அந்தச் சட்டமும் 1897-ன் சட்டமும் இரண்டுமே எடுத்துத் தூசி தட்டப்பட்டன. 120 வருஷத்துக்கு அப்புறம் காகிதத்தின் இடத்தில் போனில் ஒரு கியூ.ஆர். கோடு.

மலைக்கு வருகிறேன். கல்வராயன் மலையில் இருக்கிற மலையாளிப் பழங்குடிகளிடம் ஒரு வழிவழிக் கதை உண்டு. முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள், அண்ணன் தம்பிகள் மூன்று பேர் ஆளுக்கொரு மலையாகப் பிரிந்துபோனார்கள் என்று. 1909-ல் எட்கர் தர்ஸ்டன் எழுதின தொகுப்பிலேயே இந்தக் கதையின் வடிவங்கள் இருக்கின்றன. கதை எவ்வளவு உண்மையோ, சமவெளியை விட்டு மலையேறி வந்தவர்கள் என்பதுதான் அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் கையில் மலை இருந்தது. சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டு தாண்டி, 1976-ல்தான் அரசு நேரடியாக எடுத்துக்கொண்டது. அதுவரை வரியும் வழக்கும் ஜாகீர்தாரிடம்தான். அரசாங்கம் என்பது இங்கே ரொம்பப் பிந்தி வந்த ஒன்று. வந்தபோதும் பெரும்பாலும் காட்டிலாகா செக்போஸ்ட்டாகவும் சாராய ரெய்டாகவும்தான் வந்தது. பரிசோதனைக்கு வெள்ளைக் கவசம் போட்ட ஆட்கள் ஜீப்பில் ஏறி வந்தபோது மலைக்காரர்கள் ஒதுங்கியதை அறியாமை என்று எழுதுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்கலாம்.

மலையில் சாமை, தினை, மரவள்ளி, கடுக்காய், புளி. இதை வைத்து வருஷம் முழுக்க ஓட்ட முடியாது. மிளகு பறிக்கக் கேரளா, காப்பித் தோட்டத்துக்குக் கர்நாடகா, கட்டட வேலைக்குச் சென்னை, பெங்களூரு. கோயம்பேட்டு மூட்டைக்கு மலையிலிருந்து நேராகப் போனவர்கள் அவ்வளவாக இல்லை. அதற்குக் கீழ்நாட்டு ஆட்கள்தான் போட்டி. ஆனால் ஊரடங்கு வந்ததும் எல்லா வழியும் ஒரே நேரத்தில் மூடியது. மரவள்ளிக்கும் அதே கதி. ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போக வேண்டிய கிழங்கு. ஆலை ஓட ஆள் வேண்டும், வண்டி வேண்டும், பாஸ் வேண்டும்.

ஊர்களில் முள்ளை வெட்டிப் போட்டுப் பாதையை அடைத்தார்கள். சமவெளியிலும் மலையிலும் இதே காட்சிதான். வாசலில் மஞ்சள் தண்ணி, வேப்பிலை, ‘வெளியாட்கள் உள்ளே வராதீர்கள்’ என்று ஒரு அட்டை. அம்மை கண்ட ஊரின் பழைய நடைமுறை அப்படியே திரும்பி வந்தது. வித்தியாசம் ஒன்றுதான். அந்தக் காலத்தில் அடைக்கப்பட்டது நோய் கண்ட ஊர். இப்போது அடைத்துக்கொண்டது நோய் காணாத ஊர். வெளியே நின்றது அந்த ஊர்ப் பிள்ளைதான். ஏரிக்கரையில், பம்பு செட் கொட்டகையில், கொல்லையில் 14 நாள் இருந்துவிட்டு உள்ளே வந்தவர்களைப் பற்றி எல்லா ஊரிலும் ஒரு கதை இருக்கிறது. சோறு கொண்டுவந்து தூர வைத்துவிட்டுப் போகிற அம்மா எல்லாக் கதையிலும் இருக்கிறார்.

இன்னொரு விளைவையும் சொல்லியாக வேண்டும். டாஸ்மாக் மார்ச் 24-லிருந்து மூடியிருந்தது. மே 7-ல் சென்னை நீங்கலாகத் திறந்தார்கள், மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, உச்ச நீதிமன்றம் தடை கொடுத்து 16-ஆம் தேதி மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கல்வராயன் மலையில் ஊறல் பெருகியது. வேலையில்லாமல் திரும்பி வந்த ஆட்கள், விற்காத வெல்லம், கீழே தாகத்தோடு ஒரு கூட்டம். போலீஸ் ஏறிப்போய்ப் பேரல் பேரலாகக் கொட்டி அழித்த செய்திகள் அந்த ஏப்ரல், மே மாதத்துப் பேப்பரில் அடிக்கடி வரும்.

பள்ளிக்கூடம் மூடியதில் மலைக்கு நட்டம் அதிகம். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் இருந்த பிள்ளைகளுக்கு மூன்று வேளைச் சோறும் அங்கேதான். வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கல்வித் தொலைக்காட்சியைப் பாருங்கள், போனில் பாடம் கேளுங்கள் என்றார்கள். டவர் கிடைக்கிற பாறையைத் தேடிப்போய் உட்கார வேண்டிய ஊர்கள் அவை.

மே மாதக் கடைசியில் அடுத்த அலை வந்தது. இந்த முறை வடக்கிலிருந்து. மும்பை, புனேவில் கூலிக்குப் போயிருந்தவர்கள் சிறப்பு ரயிலிலும் பஸ்ஸிலும் திரும்பினார்கள். இவர்களுக்கு வந்து இறங்கியதுமே தனியாகத் தங்கவைத்துப் பரிசோதனை. முதலில் சொன்ன நானூறுக்கு மேல் என்ற எண் பெரும்பாலும் இவர்கள்தான். அவர்களை முகாமில் வைத்துக் கையோடு எடுத்ததால் எண் தெரிகிறது. சென்னையிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக வந்தவர்கள் ஏதோ ஒரு உள்ளூர்த் தொற்றாகக் கணக்கில் ஏறினார்கள், அல்லது ஏறவேயில்லை. நகரத்துக் கணக்கிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. ஜூலை 22 அன்று சென்னையில் முன்பே இறந்து விடுபட்டுப்போன 444 பேரை மொத்தமாகப் பட்டியலில் சேர்த்தார்கள்.

ஜூன் 19-லிருந்து சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் மறுபடி முழு ஊரடங்கு. அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள் பரனூர் சுங்கச்சாவடியில் வண்டி வரிசை நின்ற படங்களை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். மே மாதம் லாரியில் போனவர்களைத் திட்டினவர்களில் சிலர் இந்த வரிசையில் காரில் நின்றார்கள். ஜூன் 30 அன்று சென்னையில் ஒரே நாளில் 2,393. அந்த வருஷத்தின் உச்சம் அதுதான். அதன் பிறகு நகரத்தில் எண் இறங்க, மாவட்டங்களில் ஏறியது.

ஆகஸ்ட் 17-லிருந்து விண்ணப்பித்த எல்லோருக்கும் இ-பாஸ் என்றார்கள், செப்டம்பர் 1-லிருந்து மாநிலத்துக்குள் அதுவே தேவையில்லை. 7-ஆம் தேதி மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடத் தொடங்கியது. திருமழிசையில் தற்காலிகமாக நடந்துகொண்டிருந்த காய்கறிச் சந்தை செப்டம்பர் 28 அன்று கோயம்பேட்டுக்குத் திரும்பியது. மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்று கடைகளிலிருந்து ஊருக்குப் போன் வந்தது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஏறி உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், பெருங்களத்தூர் என்று வந்து இறங்கினார்கள். எந்த மாவட்டத்திலிருந்து வருகிறாய் என்று வழியில் யாரும் நிறுத்திக் கேட்கவில்லை.